இடிபாட்டின் கணக்கு

வீடு கட்டிய கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மனை வாங்கியது, வங்கிக் கடன், நகையை அடகு வைத்தது, நிலை வைத்த நாள், கிரகப்பிரவேசம் என்று அந்தக் கதை தலைமுறைக்கும் சொல்லப்படும். வீட்டை இடித்த கதையை யாரும் சொல்வதில்லை. பழைய வீடு ஒரு நாள் இருந்தது, பிறகு இல்லை, அந்த இடத்தில் புதியது எழுந்தது. நடுவில் பத்து இருபது நாள் நடந்த வேலைக்குக் கதையும் இல்லை, புகைப்படமும் இல்லை.

அந்த நாட்களில்தான் பழைய வீடு புதிய பொருளாக மாறுகிறது. சுவர் கல்லாகப் பிரிகிறது. கல் முழுக்கல், அரைக்கல், துண்டு என்று தரம் பிரிகிறது. துண்டு ஜல்லியாகிறது, தூள் அடித்தளத்துக்குள் போகிறது. இந்தப் பிரிப்பு வேலை நெடுங்காலமாகப் பெண்களின் கையால் நடந்திருக்கிறது. பெண்ணின் உழைப்பு என்றால் வயல், தறி, அடுப்பு ஆகியவை நமக்கு உடனே நினைவுக்கு வரும். இடிபாடு வராது. இன்று கட்டடக் கழிவை மறுபயன்பாடு செய்வது சூழலைக் காக்கும் புதிய சிந்தனையாகப் பேசப்படுகிறது. அது எவ்வளவு பழையது, யார் கையால் நடந்தது, அந்தக் கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை ஒரு வரலாற்று மாணவியாகத் தேடிப் பார்த்தபோது கிடைத்தவற்றை இங்கே தொகுக்கிறேன்.

காரையும் சுர்க்கியும்

சிமெண்டு வருவதற்கு முன் நம் கட்டடங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டுத்தான் இறுகும். தண்ணீர் நிற்கும் இடத்தில் அது எளிதில் கெட்டிப்படாது. சுட்ட செங்கல்லை இடித்த பொடியைச் சேர்த்தால் நிலைமை மாறும். சுட்ட மண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் சாந்தைத் தருகின்றன. இந்தப் பொடிக்குத்தான் சுர்க்கி என்று பெயர். உடைந்த ஓட்டையும் பானையையும் இடித்துச் சுண்ணாம்போடு கலக்கும் வழக்கம் ரோமானியர்களிடமும் இருந்தது. ஆகவே உடைந்த செங்கல் குப்பை என்பது மிகச் சமீபத்திய எண்ணம். நெடுங்காலம் அது ஒரு மூலப்பொருள்.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் உள்ளகம் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவைதான். பென்னிகுயிக்கின் பெயரைத் தேனி மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். சுர்க்கி இடித்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அணைக்கு மட்டுமான வழக்கம் இல்லை இது.

வீட்டுக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடப் பொறியாளர்கள் இன்றும் சொல்லும் மேல்தளம் நம் பழைய வீடுகள் பலவற்றில் உண்டு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. அதற்கும் மேலே தட்டோடு. செங்கல் ஜல்லிக்கு முழுக்கல்லை யாரும் வீணாக்கத் தேவையில்லை. உடைந்த கல்லும் அரைக்கல்லும் அங்கே போய்ச் சேர்ந்தன.

அந்த ஜல்லி அடுக்கை அடித்து இறுக்க வேண்டும். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்துக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். பல நாள் அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டை தளத்தில் பதியாமல் மேலே எகிறினால் வேலை முடிந்தது என்று பொருள். அந்தப் பக்குவத்தைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அடிக்கும் கையின் உணர்வுதான் கருவி. தாளம் தப்பாமல் இருக்கப் பாடினார்கள். அந்தப் பாட்டுகளை நாட்டார் வழக்காற்றியலில் திமிசுப் பாட்டு என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறோம். பாட்டைத் தொகுத்தோம், அச்சிட்டோம், பாடத்திட்டத்தில் வைத்தோம். பாடியவர்கள் செய்த வேலையைக் கட்டடக்கலையின் வரலாற்றில் சேர்க்கவில்லை. பெண்ணின் தொழில்நுட்பம் நம் கைக்கு வரும்போது நாட்டுப்பாடலாகத்தான் வருகிறது.

சிமெண்டு வந்தபின் ஒன்று மாறியது. இந்தியாவில் சிமெண்டு தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நடந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் சுண்ணாம்பு மெல்ல மெல்லப் பின்வாங்கியது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவரைப் பிரித்தால் சாந்து உதிரும், கல் முழுசாகக் கைக்கு வரும். சிமெண்டுச் சாந்து பல சமயம் கல்லைவிடக் கடினம். பிரிக்கப் போனால் சாந்து நிற்கும், கல் உடையும். சுண்ணாம்பு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுக்குக் கல் கிடைத்தது. சிமெண்டு வீட்டை இடித்தால் பெரும்பாலும் மேடுதான் கிடைக்கிறது. ‘கட்டடக் கழிவு’ என்று இன்று நாம் பேசும் சிக்கலின் ஒரு பாதி இந்தச் சாந்து மாற்றத்தில் இருக்கிறது. கல்லைச் சிதைக்காமல் சுத்தம் செய்யத் தெரிந்த கைகளின் மதிப்பு இறங்கியதும் அதே மாற்றத்தால்தான்.

சிலையாக நிற்கும் பெண்

இடிபாட்டில் வேலை செய்த பெண்களுக்கு உலகில் எங்காவது நினைவுச் சின்னம் உண்டா என்று தேடினால் ஜெர்மனியில் போய் நிற்போம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அந்த நாட்டில் 40 கோடி கனமீட்டர் இடிபாடு கிடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ‘ட்ரூம்மர்ஃப்ராவ்’, அதாவது இடிபாட்டுப் பெண், என்று பெயர்.

வேலையின் நுட்பம் நம் ஊரில் உள்ளதுதான். சுத்தியலால் பழைய சாந்தைத் தட்டி எடுத்து, முழுக்கல்லைத் தனியாக அடுக்குவது, உடைந்ததை அரைத்துப் புதிய கட்டுமானக் கல்லுக்குச் சேர்மானமாக்குவது, இரும்பை நிமிர்த்துவது, மிஞ்சியதை ஊருக்கு வெளியே கொண்டு கொட்டுவது. மிஞ்சியதே மலையாகக் குவிந்தது. பெர்லினின் டொய்ஃபல்ஸ்பெர்க் குன்று முழுக்க முழுக்க இடிபாட்டால் ஆனது. இன்று அதன் சரிவுகளில் மக்கள் நடைபயிற்சி போகிறார்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு ஏன் வந்தார்கள்? தாய்நாட்டுப் பற்றால் என்று பின்னால் வந்த கதை சொல்கிறது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு 1946 ஜூலை 10 அன்று தனது 32ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டடப் பணியிலும் இடிபாடு அகற்றும் பணியிலும் பெண்களை ஈடுபடுத்தலாம் என்றது அந்தச் சட்டம். அதுவரை பெண்களை இந்தக் கடின வேலைகளிலிருந்து ‘பாதுகாத்த’ விதிகள் அதோடு செல்லாமல் போயின. இன்னொரு காரணம் சோறு. பங்கீட்டு அட்டையில் பல தரங்கள் இருந்தன. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு மிகக் குறைந்த தரத்து அட்டை. இடிபாட்டில் இறங்கினால் அதைவிட மேலான அட்டை. நாள் முழுவதும் அடுப்பும் பிள்ளையும் முதியவர்களும் என்று உழைத்தவள் அரசின் கணக்கில் உழைக்காதவள். அவள் வயிறு நிறைய வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே கல் சுமக்க வேண்டும்.

இவர்களுக்காக பெர்லினின் ஹாசன்ஹைடே பூங்காவில் 1955இல் ஒரு சிலை வைக்கப்பட்டது. செய்தவர் காத்தரீனா செலின்ஸ்கி-சிங்கர் என்ற பெண் சிற்பி. கிழக்கு பெர்லினில் நகர மன்றத்தின் முன்னால் 1958இல் ஃபிரிட்ஸ் கிரேமர் வடித்த பெண் சிலை நின்றது. இவ்வளவோடு நிறுத்தினால் இது மகிழ்ச்சியான கதை.

லியோனி ட்ரெபர் என்ற வரலாற்றாய்வாளர் 2014இல் வெளியிட்ட நூல் இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தது. அவருடைய கணக்குப்படி பெர்லினிலேயே பெண்களில் 5 சதவீதம் அளவுக்குத்தான் இடிபாட்டில் வேலை செய்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் அது 0.3 சதவீதம். பெரும்பகுதி வேலையைக் கட்டட நிறுவனங்களும் எந்திரங்களும் ஆண் தொழிலாளர்களும் செய்தார்கள். வேலைக்கு வந்த பெண்கள் பலர் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். முன்னாள் நாஜிக் கட்சியினருக்கு இது தண்டனையாகவும் விதிக்கப்பட்டது. போர் நடந்த ஆண்டுகளில் அதே நகரங்களின் இடிபாட்டை அள்ளியவர்கள் போர்க்கைதிகள், கட்டாயத் தொழிலாளர்கள், வதைமுகாம் கைதிகள். அவர்கள் யாரும் தலைத்துணி கட்டிச் சிரிக்கும் படத்தில் இல்லை.

அப்படியானால் அந்தப் பெண் எப்படி ஒரு தேசத்தின் தாயாக மாறினாள்? கிழக்கு ஜெர்மனிக்கு அவள் ஆணுக்கு நிகராக உழைக்கும் சோசலிசப் பெண்ணின் முன்மாதிரியாகத் தேவைப்பட்டாள். மேற்கு ஜெர்மனியோ போருக்குப்பின் பெண்களை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பெண்களைக் கட்டட வேலையிலிருந்து விலக்கிய 1938ஆம் ஆண்டின் தடை அங்கே 1994 வரை நீடித்தது. தேவைப்பட்ட சில ஆண்டுகள் கல் சுமக்கலாம், தேவை தீர்ந்ததும் அவள் உடல் மென்மையானது.

மேற்கில் அவள் மீண்டும் பேசப்பட்டது 1980களில், ஓய்வூதியத் தகராறில். பிள்ளை வளர்த்த காலத்தையும் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கும் சட்டம் 1986இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 1921க்கு முன் பிறந்த பெண்களுக்கு அது கிடையாது என்றார்கள். போர்க்காலத்தில் பிள்ளை பெற்று, பசியில் வளர்த்த தலைமுறை அதுதான். முதிய பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். நாங்கள்தான் இந்த நாட்டை இடிபாட்டிலிருந்து தூக்கியவர்கள், எங்களுக்கா இல்லை என்று கேட்டார்கள். அரசு இறங்கிவந்து அடுத்த ஆண்டே அவர்களையும் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டது. இந்தப் போராட்டத்தின் வழியாகத்தான் ‘இடிபாட்டுப் பெண்’ என்ற சொல் ஒரு தலைமுறைப் பெண்கள் எல்லோருக்குமான பெயராக விரிந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படும் இடம் இது. பிள்ளை வளர்த்தோம் என்று சொன்னபோது கதவு திறக்கவில்லை. கல் சுமந்தோம் என்று சொன்னபோது திறந்தது. பெண்கள் வீட்டில் செய்த வேலையை அரசு உழைப்பாக ஏற்க, செய்யாத பலரும் சேர்ந்து கல் சுமந்த கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ட்ரெபரின் ஆய்வு அந்தப் பெண்களைப் பொய்யர்கள் ஆக்குவதாகச் சிலர் வருந்தினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சிலை எழும் இடத்தில் யார் விடுபட்டார்கள் என்று கேட்பதும் பெண்ணிய வரலாற்றின் வேலைதான்.

பழைய கல்லின் விலை

நம் ஊரில் சிலையும் இல்லை, கதையும் இல்லை. ஆனால் வேலை இன்றும் நடக்கிறது. காவிரிப் படுகையின் ஒரு சிறு நகரத்தில் அம்மா பிறந்த வீட்டை இடித்தபோது நான் கணக்கெழுதும் பொறுப்பில் இருந்தேன். அதனால் இந்த வேலையின் பொருளாதாரத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

பழைய வீட்டை இடிக்கக் குத்தகைக்காரர் வருகிறார். தேக்கு உத்திரம், கதவு, நிலை, ஜன்னல் கம்பி, ஓடு, கல் எல்லாவற்றையும் கண்ணால் எடைபோடுகிறார். பொருள் நிறைய இருந்தால் அவர் நமக்குப் பணம் தருவார். இல்லாவிட்டால் நாம் அவருக்குத் தர வேண்டும். எங்கள் வீட்டில் தேக்கு இருந்ததால் அவர் தந்தார். என் நோட்டில் அது ஒரு வரவு. ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் மூன்று வாரம் வேலை செய்த ஆறு பேரின் கூலி அடங்கியிருந்தது. அதில் நான்கு பேர் பெண்கள். அவர்களுக்கு எவ்வளவு என்று என் நோட்டில் எழுதும் தேவையே எழவில்லை.

ஆண்கள் இருவரும் கடப்பாறையோடு சுவர்மேல் நின்றார்கள். பெண்கள் கீழே. விழுந்த கல்லைப் பொறுக்கி, சிறு கொத்தால் காரையைச் செதுக்கி, முழுக்கல்லை ஒரு பக்கமும் அரைக்கல்லை ஒரு பக்கமும் அடுக்கினார்கள். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, வெடிப்பு உண்டா இல்லையா என்று சொன்ன ஒரு அக்காவிடம் இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். “இதுல சொல்லித்தர என்ன இருக்கும்மா, கல்லே சொல்லும்” என்றார். முப்பது ஆண்டாக இதே வேலையாம். அவரோடு அதே ஆண்டுகளில் கட்டட வேலைக்கு வந்த தம்பி இப்போது மேஸ்திரி. அவர் இன்னும் சித்தாள்.

சித்தாள் என்ற சொல்லையே கொஞ்சம் நின்று பாருங்கள். சிறு ஆள். ஐம்பது வயதானாலும், பேரன் எடுத்தாலும் அவள் சிறு ஆள்தான். கொத்தனாருக்கு உதவியாளாக வரும் பையன் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு கொத்தனார் ஆகிறான். பெண்ணின் கையில் கரண்டி கொடுப்பதில்லை. சும்மாடும் இரும்புச் சட்டியும்தான். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் ஒரே கூலி என்றது. அந்தச் சட்டத்தைத் தாண்ட யாரும் அதை மீற வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு வேறு பெயர் வைத்தால் போதும். அவன் ‘இடிக்கிறான்’, அவள் ‘பொறுக்குகிறாள்’. இடிப்பதற்கு ஒரு கூலி, பொறுக்குவதற்கு ஒரு கூலி. எங்கள் புதிய வீட்டின் சுற்றுச்சுவர் முழுவதும் அவர்கள் சுத்தம் செய்த கல்லால் எழுந்தது. உடைந்ததும் தூளும் அடித்தளத்தை நிரப்பின. வெளியிலிருந்து பல லாரி கிராவல் வாங்கும் செலவு மிச்சமானது. அந்த மிச்சம் யாருடைய உழைப்பு?

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கல், காரை, கான்கிரீட் ஆகியவற்றின் தூளில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கும். பழைய கூரைகளின் ஆஸ்பெஸ்டாஸ் அதைவிடக் கொடியது. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வதுதான் அந்தப் பெண்களுக்கு இருந்த பாதுகாப்பு.

சட்டம் எண்ணுவதும் எண்ணாததும்

கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கென்று நடுவண் அரசு 2016 மார்ச்சில் தனி விதிகளை வெளியிட்டது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குகிறவர்கள் அதைக் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–சாந்து என்று பிரித்து வைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை, இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைப் புதிய கான்கிரீட்டில் குறிப்பிட்ட அளவு சேர்க்க அனுமதித்தது. நல்ல விதிகள்தாம். ஆற்று மணலையும் மலைகளையும் தின்று தீர்த்த நமக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த விதிகளில் எடை இருக்கிறது, வகை இருக்கிறது, பிரிக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. பிரிப்பவள் இல்லை.

தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறாளா என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் நெடுநாள் போராடியதால் 1994இல் நலவாரியம் வந்தது. 1996ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் கட்டட வேலை என்பதில் இடிப்பதையும் சேர்த்தே வரையறுத்தது. அது பெரிய வெற்றி. ஆனால் முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருந்தால்தான் பயனாளி. இன்று இந்தத் தெரு, நாளை வேறு ஊர் என்று குத்தகைக்காரர் பின்னால் போகும் பெண்ணுக்கு அந்த 90 நாளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. வீடு இடிக்கும் இடத்தில் நான்கு பெண்கள்தான் இருப்பார்கள். அவர்களின் பிள்ளை கல் அடுக்கின் நிழலில் தூங்கும். சொந்த வீடு கட்டுகிறவரின் செலவு 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த வேலையே அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. பெரிய கட்டடங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம், சிறு வீட்டின் வாசலில் நின்றுவிட்டது.

இனி எந்திரங்களின் காலம். இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாகத் திருப்பித் தரும் ஆலைகள் பெருநகரங்களில் வந்துவிட்டன. கட்டடத்தை இடிக்கும் எந்திரத்துக்கு மூன்று வாரம் தேவையில்லை; இரண்டு நாள் போதும். தூசியிலிருந்து பெண்களுக்கு விடுதலை என்றால் நான் அதை வரவேற்பேன். ஆனால் வயலில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எந்திரம் வந்ததும் அதன் இருக்கையில் ஆண் ஏறினான், நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண் வேலையை இழந்தாள். இங்கேயும் பிரிப்பு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் யார் அமர்வார்கள், கல்லின் ஓசையை அறிந்த கைகளுக்கு அங்கே இடம் உண்டா என்ற கேள்வியை இப்போதே கேட்க வேண்டும். ஆலை கட்டி முடித்தபின் கேட்டால் கூட்டிப் பெருக்கும் வேலைதான் மிச்சமிருக்கும்.

ஜெர்மானியப் பெண்களின் வரலாறு நமக்கு ஒரு எச்சரிக்கை. சிலை வைப்பது எளிது, ஓய்வூதியம் தருவது கடினம். நம் சித்தாள்களுக்குச் சிலை கேட்க எனக்கு விருப்பமில்லை. நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உடனே செய்யக்கூடியவை. வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது குத்தகைக்காரரிடம் தேக்கின் விலையோடு, பெண்களின் நாட்கூலி எவ்வளவு என்றும் கேட்கலாம். ஆணுக்குத் தருவதையே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். வேலை செய்த நாட்களுக்கு வீட்டுக்காரராக நாமே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். நலவாரியத்தில் அவர்களுக்கு அது உதவும். முகக்கவசமும் குடிதண்ணீரும் கழிப்பறையும் நம் செலவில் இருக்கலாம். மாணவிகளாக இருப்பவர்கள் தங்கள் ஊரில் தளம் அடித்த, சுர்க்கி இடித்த, கல் செதுக்கிய மூதாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே போய் அவர்கள் பாட்டோடு வேலையையும் பதிவு செய்யலாம். எத்தனை நாள் அடித்தார்கள், எவ்வளவு கூலி, யார் எண்ணிக் கொடுத்தார்கள், பிள்ளையை எங்கே விட்டார்கள் என்று கேட்டு எழுதலாம். கட்டடக்கலையின் வரலாற்றில் விடுபட்ட அத்தியாயத்துக்கு அந்தப் பதில்கள்தாம் ஆவணம்.